கம்பி வேலிக்கு இப்பால்

கடையில் விற்கும் காரின் தோற்றம் கொண்ட வண்டிகளை வட்டத் தடத்தில் ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயம், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேரூன்றி, 1948-இல் பில் பிரான்ஸ் நிறுவிய நாஸ்கார் அமைப்பின்கீழ் ஒழுங்கு பெற்றது. அதைக் காண வருவோர் மோதலைக் காணவே வருகிறார்கள் என்ற பழி நெடுங்காலமாக அவர்கள்மீது உண்டு. வண்டிகள் ஒன்றோடொன்று மோதித் தீப்பற்றும்போது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கூச்சலிடுவதைப் பார்ப்பவருக்கு அந்தப் பழி சரியென்றே தோன்றும். எனினும், அந்தக் கூச்சலும், அதையடுத்து மேடைகளில் பரவும் அமைதியும், ஓட்டுநர் நலமென்று தெரிந்ததும் எழும் கைதட்டலும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று பகுதிகளாகும். முதற்பகுதியை மட்டும் கொண்டு ரசிகர் திரளை மதிப்பிடுவது நியாயமாகாது.

இந்த விளையாட்டில் தீ என்றால் என்னவென்பதை அதன் ரசிகர்கள் ஆழமாக உணர்ந்த ஆண்டு 1964. அவ்வாண்டு மே 24 அன்று சார்லட் தடத்தில் நடந்த 600 மைல் பந்தயத்தின் ஏழாவது சுற்றில், ஜூனியர் ஜான்சன், நெட் ஜாரெட் ஆகியோரின் வண்டிகள் மோதிக்கொண்டன. அவற்றிலிருந்து விலக முயன்ற ஃபயர்பால் ராபர்ட்ஸின் வண்டி சுவரில் மோதிக் கவிழ்ந்து, எரிபொருள் தொட்டி வெடித்து எரிந்தது. 1962-இல் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றிருந்த ராபர்ட்ஸ் அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற ஓட்டுநர்களுள் ஒருவர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை மிக வேகமாக வீசியதால் இளமையிலேயே கிடைத்த பட்டப்பெயர் ‘ஃபயர்பால்’. தம் வண்டியும் எரிந்துகொண்டிருக்க, ஜாரெட் ஓடிச்சென்று அவரை வெளியே இழுத்தார். உடலின் பெரும்பகுதி வெந்த நிலையில் மருத்துவமனையில் 39 நாள் போராடிய ராபர்ட்ஸ் ஜூலை 2 அன்று இறந்தார். சார்லட் விபத்துக்கு ஆறு நாள் கழித்து, இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்ட் என்னும் இரு ஓட்டுநர்கள் தீயில் மாண்டனர். ஒரே கோடையில் வந்த இந்தச் சாவுகளுக்குப் பின், தீயை விளையாட்டின் விதியென்று ஏற்றுக்கொண்டு கடந்துபோக ஒருவராலும் முடியவில்லை.

அதுவரை ஓட்டுநர்கள் அணிந்தது பருத்தி மேலங்கியே. தீ எளிதில் பற்றாதிருக்க அதை இரசாயனக் கரைசலில் நனைத்து உலர்த்துவதே இருந்த ஒரே பாதுகாப்பு. ராபர்ட்ஸின் மறைவுக்குப் பிந்தைய ஆண்டுகளில், தீயைத் தாங்கும் இழையால் நெய்த உடைகள் வழக்கத்துக்கு வந்தன. சாதாரணத் தகரத் தொட்டிக்குப் பதிலாக, இரும்புப் பெட்டிக்குள் ரப்பர்ப் பையும் அதற்குள் நுரைப் பஞ்சும் அமைந்த, மோதினாலும் எளிதில் கிழியாத எரிபொருள் கலம் வந்தது. நாஸ்கார் வரலாற்றில் உயிர்களைக் காத்த பொருள்களை வரிசைப்படுத்தினால், வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கே தெரியாத இந்தக் கலத்துக்கே முதலிடம் தரவேண்டும்.

ரசிகரின் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வேறொன்று. 1970-இல் டார்லிங்டன் தடத்தில் ரிச்சர்ட் பெட்டியின் வண்டி உருண்டபோது, அவருடைய கையும் தலையும் திறந்த ஜன்னலுக்கு வெளியே அலைந்ததைப் பலர் தொலைக்காட்சியில் கண்டு பதறினர். அதையடுத்து ஓட்டுநர் பக்க ஜன்னலில் வலை கட்டுவது கட்டாயமாயிற்று. உடலை உள்ளே நிறுத்துவதற்காக வந்த அந்த வலை, காலப்போக்கில் செய்தி சொல்லும் கருவியாகவும் மாறியது; விபத்துக்குப் பின் ஓட்டுநர் அதை அவிழ்த்துத் தொங்கவிட்டால் அவர் நலமென்று மீட்புக் குழுவினர் அறிவர். அந்த அடையாளத்தை ரசிகர்களும் கற்றுக்கொண்டனர். புகை சூழ்ந்த வண்டியின் ஜன்னலை நோக்கி ஆயிரக்கணக்கான கண்கள் ஒருசேரத் திரும்புவதும், வலை இறங்கியதும் கைதட்டல் எழுவதும் அரங்கின் வழக்கமாயின. இறப்பைக் காண வந்த கூட்டத்துக்கு இப்படியொரு வழக்கம் தோன்றியிராது.

வேலிக்கு இப்பால் இருப்போரின் உயிரும் பணயத்தில் உள்ளது என்பதை 1987 காட்டியது. அலபாமாவின் டல்லடேகா தடத்தில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தில் தகுதிச் சுற்றை முடித்த சில நாளில், பந்தயத்தின்போது பாபி ஆலிசனின் வண்டி மேலெழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. சிதறிய துண்டுகளால் ரசிகர்கள் சிலர் காயமுற்றனர். மறு ஆண்டிலிருந்து டல்லடேகாவிலும் டேட்டோனாவிலும், இன்ஜினுக்குள் செல்லும் காற்றைக் குறைத்து வேகத்தை மட்டுப்படுத்தும் துளையிட்ட தகடு கட்டாயமாக்கப்பட்டது. வேகம் குறைந்தது உண்மை. ஆனால் எல்லா வண்டிகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நெருக்கியடித்து ஓடத் தொடங்கியதால், ஒருவரின் தவறு இருபது வண்டிகளை இழுத்துச் செல்லும் பெருவிபத்து வாடிக்கையாயிற்று. ரசிகர்கள் இன்று ‘பிக் ஒன்’ என்று அச்சமும் எதிர்பார்ப்பும் கலந்து பேசும் அவ்விபத்து, பெருமளவு அவர்களைக் காக்க வகுத்த விதியின் விளைவே.

மிக விசித்திரமான தீ 2012-இல் மூண்டது. மழையால் முதன்முறையாகத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்ட டேட்டோனா 500 பந்தயத்தில், 160-ஆவது சுற்றில், மஞ்சள் கொடியின்கீழ் வண்டிகள் மெதுவாகச் சென்றபோது, ஹுவான் பாப்லோ மொன்டோயாவின் வண்டி பழுதுற்றுக் கட்டுப்பாடிழந்து, தடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த வாகனத்தில் மோதியது. ஜெட் இன்ஜின் பொருத்திய அவ்வாகனத்தின் எரிபொருள் கொட்டிச் சாய்தடத்தில் ஓடி எரிய, இரவு வானம் செந்நிறமாயிற்று. மொன்டோயாவும் வாகன ஓட்டுநரும் உயிர்தப்பினர். பந்தயம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்றது; பணியாளர்கள் சலவைத்தூள் கொட்டித் தடத்தைக் கழுவினர். அப்போது தடத்தில் நிறுத்தப்பட்டிருந்த பிராட் கெசலோஸ்கி தம் கைபேசியில் தீயைப் படமெடுத்து டுவிட்டரில் வெளியிட, அந்த இடைவேளைக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவரைப் பின்தொடரத் தொடங்கினர். மேடையிலிருந்தோரும் வீட்டிலிருந்தோரும் ஓட்டுநரும் ஒரே தீயை ஒரே நேரத்தில் பார்த்துப் பேசிக்கொண்ட நிகழ்ச்சி இந்த விளையாட்டுக்குப் புதிது.

அதற்கு அடுத்த ஆண்டே அதே டேட்டோனாவில் கைல் லார்சனின் வண்டி வேலியில் சிதறி, இன்ஜின் வேலியில் சிக்கி நிற்க, இருபதுக்கும் மேற்பட்ட ரசிகர்கள் காயமுற்றனர். 2015 ஜூலையில் அங்கே இறுதிக்கோட்டைக் கடக்கும் தறுவாயில் ஆஸ்டின் டில்லனின் வண்டி பறந்து மேல்வேலியில் மோதி, இன்ஜின் பெயர்ந்து, தலைகீழாக வந்து விழுந்தது. மற்ற அணிகளின் பணியாளர்கள் முதலில் ஓடிவந்து உள்ளே எட்டிப்பார்த்து, அவர் நலமென்று மேடைகளை நோக்கிக் கைகாட்டியதும், நள்ளிரவு கடந்தும் கலையாதிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. வேலியருகே காயமுற்ற ரசிகர்களுக்கும் அதே வேளையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநரைச் சுற்றி இருக்கையும் கழுத்துப் பட்டையும் மெத்தைச் சுவரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. முன்வரிசை ரசிகருக்கோ இன்றும் கம்பி வேலியே முதன்மைக் காப்பு. அதற்கு மாற்றுக் காண்பதில் இதே முனைப்பை நாஸ்கார் இனிமேல்தான் காட்டவேண்டும்.