அரிக்கமேட்டுப் பாசியும் நம் செபமாலையும்



ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறும், பங்குத் தந்தையர் வரிசையும் இருக்கும். அவற்றைப் பிறர் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள் ஒன்றின் வரலாறு. ஜூபிலி நினைவாக, ஆலயத்துக்கு வர இயலாத நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கக் கண்ணாடி மணிகளைக் கோர்த்து நம் கையாலேயே செபமாலைகள் செய்தோம் அல்லவா? அந்தக் கண்ணாடி மணியின் கதையே இது.

முதலில் நம் தோல்வியைச் சொல்லிவிடுகிறோம். ஒரு செபமாலைக்கு 59 மணி வேண்டும். அருள் நிறை மந்திரத்துக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6. மலிவாகக் கிடைத்த மணியை வாங்கிப் பருத்தி நூலில் கோர்த்தோம். ஒரு வாரத்துக்குள் பாதிக்கு மேல் அறுந்து போயின. நூல்தான் சரியில்லை என்று நூலை மாற்றினோம், அதுவும் அறுந்தது. ரயில் நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவ அம்மா ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒரு மணியை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தார். "ஓரம் மழுங்கலையே, இது நூலைத் தின்னுடும்" என்றார். அதே அம்மாவிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசியவர்கள்தாம் நாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கண்ணாடியின் ஓரத்தை மழுக்கும் இந்த வித்தை, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே நம் சோழமண்டலக் கரையில் தெரிந்திருந்தது. நம் ஊர் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய்த் திண்டிவனத்தில் பிரிந்தால் புதுச்சேரி. அதற்குச் சற்றுத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருப்பது அரிக்கமேடு. அங்கே சிறுவர்கள் மண்ணிலிருந்து பொறுக்கிய வண்ணக் கற்களை 1937இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் விலைக்கு வாங்கினார். 1941 முதல் பிரெஞ்சு மறைப்பணியாளரான ஃபோஷேயும் சுர்லோ என்பவரும் அங்கே தோண்டிப் பார்த்தனர். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் ஆராய்ந்தனர். ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளைப் பற்றித்தான் பள்ளிப் புத்தகம் பேசுகிறது. ஆனால் அம்மண்ணில் எண்ணி மாளாமல் கிடைத்தது கண்ணாடிப் பாசி.

அதை எப்படிச் செய்தார்கள்? திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இதற்கு ஒப்பான முறை வழிவழியாக இருந்து வந்ததை, பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் எழுதிவைத்தார். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் திரட்டிக் கூம்பாக உருட்டுவார்கள். நடுவே கம்பியைச் செலுத்தித் துளை உண்டாக்குவார்கள். அதை மீண்டும் உலைக்குள் வைத்ததும், எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர் கூம்பின் முனையைக் கொக்கியால் பற்றி இழுப்பார். கண்ணாடி, துளை கெடாமல், மெல்லிய குழலாக நீண்டு வந்துகொண்டே இருக்கும். கை ஒரே சீராக இழுக்கவேண்டும். வேகம் மாறினால் குழலின் பருமன் மாறிவிடும். பிறகு குழலைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். அப்போது ஒவ்வொரு துண்டின் ஓரமும் கத்திபோல் இருக்கும். துளைகளில் சாம்பல் அடையும்படி பிசறி, சட்டியில் போட்டுச் சூடேற்றிக் கிளறுவார்கள். ஓரம் இளகி மழுங்கும். உள்ளே சாம்பல் இருப்பதால் துளை மூடிக்கொள்ளாது. நம் மலிவு மணிகள் இந்தச் சட்டியைச் சரியாகக் காணாதவை போலும்!

இழுத்துச் செய்த மணியை அடையாளம் காண்பது எளிது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி வளைந்திருக்கும்.

இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டவரும் பீட்டர் பிரான்சிஸ்தான். காரணம், அவை கிடைத்த இடங்களின் பரப்பு. தெற்கு வியட்நாமில் ஓக் ஏயோ. தாய்லாந்தில் ஓர் ஊருக்கே 'குவான் லுக் பாட்', அதாவது பாசிமேடு, என்று பெயர். கொரியாவில் 523இல் மறைந்த முர்யோங் அரசரின் கல்லறையை 1971இல் திறந்தபோது, அங்கும் ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள். எல்லாம் அரிக்கமேட்டிலேயே செய்தவை என்று சொல்லிவிட முடியாது. தொழில் இலங்கையின் மாந்தை முதலிய பல துறைகளுக்கும் பரவியிருந்தது.

இங்கே கத்தோலிக்கராகிய நமக்கு ஒரு வியப்பு. அரிக்கமேட்டில் இன்றும் ஒரு செங்கல் இடிபாட்டைக் காணலாம். அது ரோமர் கட்டியது அன்று. 1770களில் பிஞ்ஞோ தெ பெஎன் என்ற பிரெஞ்சுக் குருவானவர், பின்னாளில் ஆயர், நடத்திய குருமடத்தின் எச்சம். சயாமிலும் கொச்சின்சீனாவிலும் கலகங்களுக்குத் தப்பிவந்த குருமாணவர்கள் அங்கே படித்தார்கள். அவர்கள் நாட்டுக்கு முற்காலத்தில் மணிகளை அனுப்பிய அதே மேட்டின் மீதுதான் தாங்கள் செபமாலை உருட்டுகிறோம் என்று அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஐரோப்பாவிலும் செபமாலையும் கண்ணாடியும் நெருங்கிய உறவினர். 1291இல் வெனிஸ் அரசு, தீ விபத்துக்கு அஞ்சி, உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது. அந்நகரின் மணி செய்வோரில் ஒரு பிரிவினருக்குப் 'பாட்டர்நோஸ்ட்ரெரி' என்று பெயர். பரலோக மந்திரத்தின் லத்தீன் தொடக்கமே தொழிலாளரின் பெயராயிற்று. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லுக்கும் முதற்பொருள் செபம்தான்.

நம் கதைக்கு வருவோம். அந்த அம்மா சொன்னபடி, ஓரம் மழுங்கிய மணிகளாகத் தேர்ந்து வாங்கினோம். மணிக்கு மணி முடிச்சிடவும் அவரே நம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பிற்பகல் நம்மோடு உட்கார்ந்தார். அந்த நேரத்துக்கு அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். அறுந்து கிடந்த பழைய மணிகள் ஒரு டப்பா நிறைய உள்ளன. மறைக்கல்விப் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டுபோய், குமிழி எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.