வல்லாள ராஜா பார்க்காத மிளகாய்



திருவண்ணாமலை கோயிலுக்குப் போகிறவர்கள் வல்லாள கோபுரத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஊரையே தலைநகரம்போல் வைத்துக்கொண்டு இருந்தவர். அந்த ராஜா வீட்டுச் சமையலில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான். காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி.

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கொலம்பஸ் அங்கே போனது 1492-இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல். போர்ச்சுகீசியர் கப்பலில்தான் மிளகாய் நம் கடற்கரைக்கு வந்தது. கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். நம் ஊர் ராஜகோபுர வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது. பதினோரு நிலை, 217 அடி கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த நாளில்தான் மிளகாயும் மெல்ல மெல்ல நாட்டுக்குள் நுழைந்திருக்கிறது. மிளகுபோல் காரமான காய், அதனால் மிளகாய். பேர் வைத்த மகராசர் யாரோ!

பரங்கிக்காயும் அப்படித்தான். பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கி. தக்காளி கதை இன்னும் வேடிக்கை. அந்தப் பேர் முன்னே மணத்தக்காளி வகைகளுக்கு உரியது. புதுப் பழம் வந்ததும் சீமைத் தக்காளி என்றார்கள். இப்போது சீமை போய்விட்டது, வந்தவளே வீட்டுக்காரியாகிவிட்டாள். இன்றும் சில வீடுகளில் திவசச் சமையலுக்கு மிளகாய், தக்காளி சேர்க்காமல் மிளகு போட்டு, வாழைக்காய், பாகல், புடலை, அவரை என்று சமைக்கிறார்கள். பழைய காய்கறித் தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த இலையே சாட்சி. கத்தரி, பீர்க்கு, பாகல் எல்லாம் நம் பக்கத்துச் சொந்தம். வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

தை, மாசியில் விதைத்துச் சித்திரை, வைகாசியில் காய் பறிக்க நம்மூரில் முதலில் கைக்கு வருவது இந்த வெண்டைதான். வெயிலைத் தாங்கும். ஆனால் இலை நரம்பு மஞ்சளாகி, காய் வெளிறிப்போகிறதே, அந்த நோய்? 1924-லேயே பம்பாய் மாகாணத்தில் அதைப்பற்றி எழுதிவிட்டார்கள். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது. வெயில் ஏற ஏற ஈ பெருகும், நோயும் பெருகும்.

டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் ஹர்பஜன் சிங், மேற்கு வங்கத்தில் கிடைத்த ஒரு நாட்டு வெண்டையை வைத்து ஒட்டுச் சேர்த்து, 1950-களின் பிற்பகுதியில் பூசா சவானி ரகத்தை உருவாக்கினார். நாடு முழுவதும் அந்த விதைதான் பரவியது. சில ஆண்டுகள் நன்றாகத்தான் நின்றது. பிறகு நோய் அதையும் பிடித்துக்கொண்டது. அடுத்து பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் காட்டு வெண்டை ஒன்றோடு சேர்த்து அர்க்கா அனாமிகாவைக் கொடுத்தார்கள். இப்போது பல இடங்களில் அதுவும் தடுமாறுகிறது. ஆக, தடுக்கும் குணத்தைத் தேடி ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் எங்கே போனார்கள் பாருங்கள்: யாரோ ஒரு விவசாயியின் நாட்டு விதைக்கு, இல்லை காட்டுச் செடிக்கு.

தேனிப் பக்கம் அன்னஞ்சி என்ற ஊரின் தக்காளியிலிருந்துதான் பெரியகுளத்தில் பி.கே.எம். 1 வந்தது. அன்னஞ்சிக்காரர்கள் அந்த விதையை விட்டுத் தொலைத்திருந்தால் பி.கே.எம். 1 ஏது?

நம் கிராமங்களில் கூரைமேல் ஏறும் சுரைக்கும், வேலியில் படரும் பாகலுக்கும் கடைச்சீட்டு கிடையாது. பாட்டி சாம்பலில் புரட்டிக் கட்டிவைத்த விதை அது. கடைப் பாக்கெட் வந்தபின் அது வீட்டுக்கு வீடு மறைந்துகொண்டிருக்கிறது. வீரிய ஒட்டு விதை காய் தரும், மறுக்கவில்லை. ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாயைப்போல் பிள்ளை இருக்காது. வருஷாவருஷம் கடைக்குத்தான் போகவேண்டும். விற்பனைக்குப் போடுகிறவர் அதைப் போடட்டும். கிணற்றடியில் நாலு குழி போடுகிற வீட்டுக்கு நாட்டு விதையே போதும் என்பது என் கருத்து.

தக்காளி தன் பூவிலேயே சூல் கொள்ளும். நல்ல செடியில் நன்றாகப் பழுத்ததை எடுத்து, சதையோடு ஒருநாள் ஊறவைத்து, கழுவி நிழலில் உலர்த்தினால் ரகம் மாறாது. கொடிக்காய் அப்படியில்லை. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பக்கத்து வீட்டுப் பூவிலிருந்து பூச்சி மகரந்தம் கொண்டுவந்து கலந்துவிடும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலரும், பாகல் விடியற்காலை மலரும். மலருமுன் அன்று மதியமே, பாகலுக்கு முந்தின நாள் மாலையே, பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். மலர்ந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டு, பெண் பூவைத் திரும்ப மூடுங்கள். பிஞ்சு பிடித்ததும் துணியை எடுத்துவிட்டு, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் யாராவது பறித்துக் குழம்பில் போட்டுவிடுவார்கள்!