அறலும் பரட்டையும்

திருநெல்வேலிப் பக்கத்தில் சுருட்டை முடியோடு பிறந்த பெண்பிள்ளைகள் கேட்டு வளரும் சொல் ஒன்று உண்டு: பரட்டை. எண்ணெயை வழியத் தேய்த்து, இரட்டைச் சடையை இறுகப் பின்னி, நாடாவால் மடித்துக் கட்டிய பின்னும் நெற்றியோரத்தில் நான்கு மயிர் சுருண்டெழுந்து நிற்கும். உடனே அந்தச் சொல் வந்து விழும். வளர்ந்தபின் அவர்களில் பலர் அழகுநிலையத்திற்குச் சென்று, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து முடியை நேராக்கிக்கொள்கிறார்கள். சுருளும் முடி ஒரு குறை என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நம் பழைய நூல்களும் பொருநைக் கரையின் பழைய வழக்கங்களும் அப்படித்தான் கருதினவா? இக்கட்டுரையில் அதைச் சற்றே பார்ப்போம்.

தமிழில் 'அறல்' என்றோர் அழகிய சொல் இருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் கருமணலில் நீர் வரிவரியாக விட்டுச்செல்லும் நெளிவு அது. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை, பாடினியைத் தலை முதல் அடி வரை வருணிக்கிறது. முதலில் எடுத்துக்கொள்வது அவள் கூந்தலை. அதற்குச் சொல்லும் உவமை அறல். சங்கப் பாடல்கள் வேறு பலவற்றிலும் இவ்வுவமை திரும்பத் திரும்ப வருகிறது. கூந்தலின் ஐந்து வகை ஒப்பனையை 'ஐம்பால்' என்றனர் நம் முன்னோர். அவ்வைந்தும் எவை என்பதில் உரைகாரர்கள் வேறுபடுவர். எனினும், பரவலாக வழங்கும் பட்டியலில் 'சுருள்' தனியொரு வகையாகவே இடம்பெறுகிறது. ஆக, நெளிவும் சுருளும் அன்று குறையாக எண்ணப்படவில்லை. உவமை தேடிச் சொல்லத்தக்க அழகாகவே இருந்தன.

அப்படியானால் பரட்டை என்பது எது? சிலப்பதிகாரம் இதற்கு விடை தருகிறது. கடலாடு காதையில் மாதவி நீராடும் முறையை இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் வாசநெய் பூசிய கூந்தலைக் கழுவி, அகிற்புகையில் உலர்த்தி, ஐந்து பகுதியாக வகுத்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள் அவள். அதே நூலில், கோவலன் பிரிந்தபின் கண்ணகியின் கூந்தல் நெய்யை மறந்துவிடுகிறது. பின்னர் விரித்த கூந்தலோடு அவள் பாண்டியன் அவையில் நிற்கிறாள். அந்தச் சினத்தின் எதிரொலி பொருநைக் கரை வரை கேட்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பலியிட்டு அமைதி தேடியதாகக் காப்பியம் கூறுகிறது.

இங்கே வேறுபாடு நேர்முடிக்கும் சுருள்முடிக்கும் இடையில் இல்லை. எண்ணெய் கண்ட தலைக்கும் காணாத தலைக்கும் இடையில் இருக்கிறது. எண்ணெய் காணாத தலை துயரத்தின் அடையாளம். பிற்காலத்தில் வறுமையின் அடையாளமும் ஆயிற்று. பரட்டை என்ற வசை உண்மையில் சுட்டுவது அந்த இல்லாமையைத்தான். சுருள்முடி எளிதில் வறண்டு எழுவதால், நன்றாக வாழும் வீட்டுப் பிள்ளையும் அவ்வசைக்கு ஆளாகிறாள். இயல்பையும் இல்லாமையையும் ஒன்றெனக் கொண்ட குழப்பமே இது என்பது எம் எண்ணம்.

சுருள்முடி ஏன் வறள்கிறது? தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், வளைந்து வளைந்து செல்லும் இழையில் நுனிவரை இறங்குவதில்லை. வறண்ட இழையின் மேற்செதில்கள் விரிய, காற்றின் ஈரத்தை உறிஞ்சி அது உப்பி எழுகிறது. நம் பாட்டிமார் இவ்விளக்கத்தை அறியார். ஆனால் செய்ய வேண்டியதை அறிந்திருந்தனர். வாரமொருமுறை மிளகும் சீரகமும் இட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். அதைப் போக்கச் சீயக்காய். காரும் பிசானமும் விளையும் ஆற்றுப்பாசன ஊர்களில் சோறு வடித்த கஞ்சிக்குப் பஞ்சமில்லை. அதிலேயே சீயக்காய்த் தூளைக் கரைத்தனர். வழுவழுப்புக்குச் செம்பருத்தி இலையும் ஊறவைத்த வெந்தயமும் சேர்ந்தன. ஈரத்தலையைத் துண்டால் முரட்டுத்தனமாகத் துவட்டாமல், விரலால் சிணுக்கெடுத்து, சாம்பிராணிப் புகையில் ஆற்றினார்கள். மாதவியின் அகிற்புகை எளிய வீட்டில் சாம்பிராணியானது என்று கொள்ளலாம். இம்முறையில் எங்கும் முடியை நேராக்கும் முயற்சி இல்லை. உள்ளதைப் பேணும் முயற்சியே உண்டு.

நம் தலைமுடியைப் பிறர் கண்ணால் பார்க்க நேர்ந்த காலமும் இம்மாவட்டத்திற்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மதம் மாறிய ஆண்கள் குடுமியைக் களைய வேண்டுமா என்று மிஷனரிகளிடையே பெரும் விவாதம் எழுந்தது. இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் 1867-இல் குடுமியைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதினார். குடுமி சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கமே என்பது அவர் வாதம். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கண்டவர் ஒரு கற்றை மயிருக்காகவும் எழுத வேண்டியிருந்தது! எந்த முடி 'சரியான' முடி என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி அன்றே நம் ஊரில் எழுந்துவிட்டது.

அடுத்த மாற்றம் சந்தை வழியே வந்தது. 1983-இல் கடலூரில் தொடங்கிய 'சிக்' ஷாம்பு, சிறு பொட்டலங்களில் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை சென்றது. சீயக்காய் இடிக்கும் உழைப்பு பெண்களுக்கு மிச்சமாயிற்று. அதை நாம் குறைசொல்ல இயலாது. ஆனால் நுரையோடு இருந்த சிறிது எண்ணெயும் போய்விட, சுருள்முடி முன்னினும் வறண்டது. நேராக்கும் மருந்துகள் பின்னர் வந்தன. அவை இழையின் உட்பிணைப்புகளையே மாற்றுகின்றன. ஆயினும் புதிதாக முளைக்கும் முடி மீண்டும் சுருண்டே வருகிறது.

2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டனர். முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும், நல்லெண்ணெய் அச்சோதனையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் குளிக்குமுன் எண்ணெய் வைப்பது வெறும் மூடவழக்கமன்று என்பது அதனால் துலங்குகிறது. நாள்தோறும் செய்யத்தக்கவையும் எளியவைதாம்: நுனிக்குச் சில துளி எண்ணெய், அகன்ற பல் சீப்பு, ஈரம் இருக்கும்போதே நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிணுக்கெடுத்தல், ஷாம்பு நாள்களைக் குறைத்தல்.

தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு 2010-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. வழக்குத் தொடுத்தவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த முதுபெரும் தலைவர் நல்லகண்ணு. மணல் போனால் அறலும் போகும். அறல் என்றால் என்னவென்று காட்ட ஆறு இல்லாமற்போகும். மணல் எஞ்சியிருக்கும் ஏதேனும் ஒரு துறைக்குக் கோடையில் உங்கள் வீட்டுச் சுருட்டைத்தலைச் சிறுமியை அழைத்துச் செல்லுங்கள். நீர் வடிந்த மணலின் வரிகளைக் காட்டி, 'இதோ பார், உன் தலைமுடி' என்று சொல்லுங்கள். பரட்டை என்ற சொல்லை அவள் அதற்குமுன் கேட்டிருந்தாலும், இனி அவளுக்கு வேறொரு சொல்லும் தெரிந்திருக்கும்.