இஸ்லாமியப் பெருநாட்கள்

முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் சமய விழாக்களுள் மார்க்கச் சட்டத்தினால் விதிக்கப்பெற்றவை இரண்டே. ரமலான் நோன்பு நிறைவுற்று ஷவ்வால் மாதம் பிறக்கும் முதல் நாளன்று வருவது ஈதுல் ஃபித்ர் என்னும் நோன்புப் பெருநாள். துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள் வருவது ஈதுல் அள்ஹா என்னும் தியாகப் பெருநாள். பின்னது தமிழ் முஸ்லிம்களிடையே ஹஜ்ஜுப் பெருநாள் என்றும், பொதுவழக்கில் பக்ரீத் என்றும் பெயர் பெறும். நபிகள் நாயகத்தின் பிறந்தநாள், முஹர்ரம் பத்தாம் நாள், மிஃராஜ், பராஅத், லைலத்துல் கத்ர் ஆகிய இரவுகள் என்பனவும் விசேஷமுடையவையே. ஆயினும் அவை வழிபாட்டுக்கோ சரித்திர நினைவுக்கோ உரியனவன்றி, ஈது என்னும் நிலையைப் பெற்றவையல்ல. இரு பெருநாட்களுள் ஒன்று நோன்பாகிய கடமையையும் மற்றொன்று ஹஜ்ஜாகிய கடமையையும் ஒட்டி எழுந்தமையாலும், இரண்டிலும் வறியவர்க்குரிய பங்கு கொண்டாட்டத்தின் ஓர் அங்கமாகவே விதிக்கப்பட்டிருப்பதாலும், இவற்றைக் களியாட்டம் என்பதினும் வழிபாட்டின் நிறைவு என்பதே பொருந்தும்.

காலக்கணிப்பு

இந்நாட்கள் யாவும் சந்திரமான வருஷத்தைப் பின்பற்றுவன. பிறை கண்டு தொடங்கும் மாதம் 29 நாளோ 30 நாளோ உடையது; பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்த வருஷம் 354 அல்லது 355 நாள் கொண்டது. சௌரமான வருஷத்தினும் இது ஏறத்தாழ 11 நாள் குறைந்ததாகையால், பெருநாட்கள் ஆண்டுதோறும் அத்தனை நாள் முந்தி வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றிவிடுகின்றன. ஒருகாலத்தில் சித்திரை வெயிலில் நோற்ற நோன்பைப் பின்னொருகால் மார்கழிப் பனியிலும் நோற்க நேர்வது இதனாலேயாம்.

இஸ்லாத்துக்கு முந்திய அரபியர் துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் என்னும் நான்கு மாதங்களைப் போர் விலக்கப்பட்ட புனித மாதங்களாகக் கொண்டிருந்தனர். ஆனால் நஸீ என்னும் முறையால், நம் நாட்டுப் பஞ்சாங்கத்தில் அதிகமாசம் சேர்ப்பது போல, இடையில் மாதத்தைக் கூட்டியும், புனித மாதத்தின் முறையைத் தம் வசதிக்கேற்பத் தள்ளிவைத்தும் வந்தனர் என்பது மரபு. இம்முறையைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் கண்டித்து விலக்கிற்று. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு (632) நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின்போது நபிகள் நாயகம் ஆற்றிய பேருரையிலும், காலம் தன் ஆதி நிலைக்குத் திரும்பிவிட்டதெனவும் ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டே எனவும் வற்புறுத்தப்பட்டது.

ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியான எண் வழங்கும் ஏற்பாடு இரண்டாம் கலீபா உமரின் காலத்தது. ஆட்சிக் கடிதங்களில் மாதம் மட்டும் குறிக்கப்பட்டு வருஷம் குறிக்கப்படாமையால் விளைந்த குழப்பத்தைப் பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல் அஷ்அரீ எடுத்துக்காட்டியதாகவும், அதன்மேல் கலீபா நபித்தோழர்களைக் கூட்டி ஆலோசித்ததாகவும் பழைய வரலாற்றாசிரியர் கூறுவர். பாரசீகர், ரோமர் ஆகியோரின் சகாப்தங்களும், நபிகளின் பிறப்பு, நபித்துவம், மறைவு ஆகியவையும் பரிசீலிக்கப்பட்டபின், மக்காவை நீத்து மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்தே சகாப்தத்தின் தொடக்கமாக ஹிஜ்ரி 17-இல் (638) ஏற்கப்பட்டது. ஹிஜ்ரத் நிகழ்ந்தது ரபீஉல் அவ்வல் மாதமாயினும், ஹாஜிகள் ஊர் திரும்பும் காலமாகிய முஹர்ரமே ஆண்டின் முதல் மாதமாக நிறுத்தப்பட்டது; ஆதலின் ஹிஜ்ரி சகாப்தம் 622 ஜூலை 16-ஆம் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. இவ்வாறு அமைந்த வருஷப் பிறப்புக்கெனத் தொழுகையோ விழாவோ விதிக்கப்படவில்லை.

பெருநாட்களின் தோற்றம்

நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்தபோது அந்நகரத்தார் ஆண்டில் இரு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடக் கண்டு, அவற்றினும் மேலான இரு நாட்களை இறைவன் பதிலாக அளித்திருக்கிறான் என அறிவித்ததாக அனஸ் என்னும் தோழர் வழியாக வந்த செய்தி அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அப்பழைய நாட்கள் பாரசீகச் செல்வாக்கால் புகுந்த நைரூஸும் மிஹ்ரஜானும் என உரையாசிரியர் விளக்குவர். ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்ட ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டிலேயே (624) பெருநாள் தொழுகையும் தொடங்கிற்று.

அக்காலத்தில் பெருநாள் தொழுகை நபிகளின் பள்ளிவாசலில் அன்றி ஊர்ப்புறத்துத் திறந்த வெளியிலேயே நிகழ்ந்தது. அங்கே சிற்றீட்டி ஒன்றைத் தமக்கு முன்னே நாட்டித் தடுப்பாகக் கொண்டு நபிகள் தொழுவித்தார்கள். பெண்டிரும் கன்னியரும் வெளிவருமாறும், தொழுகை விலக்குள்ள மகளிரும் உடன் வந்து பிரார்த்தனையில் பங்குகொள்ளுமாறும் பணிக்கப்பட்டனர். நோன்புப் பெருநாளன்று ஒற்றைப்பட எண்ணிய பேரீச்சம்பழங்களை உண்டபின் புறப்படுவதும், தியாகப் பெருநாளன்று தொழுகை முடியும்வரை உண்ணாதிருப்பதும், சென்ற வழி விடுத்து வேறு வழியே வீடு திரும்புவதும் அன்றைய நடைமுறைகளாம். இவை இன்றும் விரும்பத்தக்க ஆசாரங்களாகப் போற்றப்படுகின்றன.

பெருநாள் தொழுகைக்கு, அழைப்பொலியாகிய பாங்கும் தொழுகைத் தொடக்கத்தை அறிவிக்கும் இகாமத்தும் இல்லை. இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுதபின்னரே குத்பாப் பிரசங்கம் நிகழும். உமையா கலீபாக்களின் சார்பில் மதீனாவை ஆண்ட மர்வான், தொழுகை முடிந்ததும் மக்கள் தம் உரைக்குக் காத்திராமல் எழுந்து போவதைக் கண்டு குத்பாவை முன்னுக்கு மாற்றத் துணிந்தபோது, அபூஸயீது அல் குத்ரீ என்னும் தோழர் அவருடைய ஆடையைப் பற்றி இழுத்துத் தடுத்தார் என ஹதீஸ் தொகுப்பாளர் புகாரீ பதிவுசெய்கிறார். அம்மாற்றம் நிலைக்கவில்லை. இத்தொழுகையில் கூடுதலாகச் சொல்லப்படும் தக்பீர்கள் (இறைவனே பெரியவன் என்னும் முழக்கங்கள்) ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டமரபில்) முதல் ரக்அத்தில் ஏழும் இரண்டாவதில் ஐந்தும் ஆகும். ஹனஃபீ மத்ஹபில் ரக்அத்துக்கு மூன்றாக ஆறு. தமிழகக் கடற்கரையூர்களில் முன்னதும், உள்நாட்டு ஊர்களிற் பெரும்பாலானவற்றில் பின்னதும் நடைமுறையிலுள்ளன.

ஃபித்ராவும் குர்பானியும்

நோன்புப் பெருநாளின் சிறப்புக் கடமை ஃபித்ரா என்னும் தருமமாகும். வசதியுள்ள குடும்பத் தலைவர் தம்மைச் சார்ந்த ஒவ்வொருவருக்காகவும், கைக்குழந்தை உட்பட, ஒரு ஸாஉ அளவு தானியத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன்னரே வறியவர்க்குச் சேர்ப்பிக்க வேண்டும். ஒரு ஸாஉ என்பது நான்கு முத்து. ஒரு முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கையையும் சேர்த்து அள்ளும் அளவு. நபிகள் காலத்தில் பேரீச்சம்பழமும் வாற்கோதுமையும் கொடுக்கப்பட்டன. ஊரின் முக்கிய உணவையே கொடுக்க வேண்டுமென ஷாஃபிஈகள் கொள்வதால் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் அரிசி அளக்கப்படுகிறது. ஹனஃபீகள் கோதுமையானால் அரை ஸாஉ போதுமென்றும், அதன் கிரயத்தைப் பணமாகவும் தரலாமென்றும் கொள்வர். பெருநாளன்று எந்த வீட்டிலும் அடுப்பெரியாதிருத்தல் கூடாதென்பதே இதன் கருத்து.

தியாகப் பெருநாள், இறைவனின் ஆணைக்கிணங்கித் தம் மகன் இஸ்மாயீலைப் பலியிட முன்வந்த இப்ராஹீம் நபியின் கீழ்ப்படிதலையும், மகனுக்கு ஈடாக ஓர் ஆடு அருளப்பட்டதையும் நினைவுகூர்வது. முந்திய நாளில் அரஃபாத்தில் தங்கிய ஹாஜிகள் முஸ்தலிஃபா வழியாக மினா வந்தடைந்து கல்லெறிந்து பலியிடும் அதே நாளில், உலகின் பிற பகுதிகளிலுள்ள முஸ்லிம்களும் குர்பானி என்னும் பலி கொடுக்கின்றனர். ஆடு ஒருவர் பெயரில் கொடுக்கத்தக்கது. மாட்டிலும் ஒட்டகத்திலும் எழுவர் கூடலாம். மாடு இரண்டு வயதும் ஒட்டகம் ஐந்து வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும்; குருடு, நொண்டி, நோய், எலும்பு தெரியும் மெலிவு ஆகிய குறைகள் உள்ளவை ஏற்கத்தக்கன அல்ல. இறைச்சியைத் தமக்கும் உறவினர் நண்பர்க்கும் ஏழைகளுக்குமாக மூன்று கூறிடுவது நன்று. இறைவனை அடைவது மாமிசமும் இரத்தமுமல்ல, பயபக்தியே என்பது குர்ஆனின் கோட்பாடு. பலியிடும் காலம் ஹனஃபீகளுக்குப் பன்னிரண்டாம் நாள் வரையும், ஷாஃபிஈகளுக்குப் பதின்மூன்றாம் நாள் வரையும் நீளும்.

மீலாது விழா

ரபீஉல் அவ்வல் பன்னிரண்டாம் நாளாகிய நபிகளின் பிறந்தநாள் விழா பிற்காலத்தில் வளர்ந்ததாகும். ஃபாத்திமிய கலீபாக்கள் கெய்ரோவில் அதனை அரசவை விழாவாக நடத்தினர். மக்கள் விழாவாக அது பேருருக் கொண்டது, சுல்தான் ஸலாஹுத்தீனின் மைத்துனரான முஸஃப்பருத்தீன் கோக்புரி ஆண்ட இர்பில் நகரத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாம். அந்நகரிற் பிறந்த சரித்திராசிரியர் இப்னு கல்லிகான் இதனை விரிவாக வருணிக்கிறார். பக்தாதிலிருந்தும் மோஸுலிலிருந்தும் அறிஞரும் ஸூஃபிகளும் கவிஞரும் மாதக்கணக்கில் முன்னதாகவே வந்து குழுமுவர். நான்கைந்து அடுக்குள்ள மரமண்டபங்கள் இருபதுக்கும் மேலாக எழுப்பப்பட்டு, ஸஃபர் மாதம் பிறந்ததும் அலங்கரிக்கப்படும். பாடகரும் நிழற்கூத்தாடுவோரும் அவற்றில் அமர, அரசர் நாள்தோறும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப்பின் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வார். பிறந்த தேதி பற்றிய இருவேறு கூற்றுகளையும் மதித்து, ஓராண்டு எட்டாம் நாளிலும் மறு ஆண்டு பன்னிரண்டாம் நாளிலும் அவர் விழா எடுத்தார். ஹிஜ்ரி 604-இல் (1207) இப்னு திஹ்யா என்னும் ஸ்பானியப் பேரறிஞர் இவ்விழாவுக்கென ஒரு நூலியற்றி ஆயிரம் தீனார் பரிசு பெற்றார். இவ்விழாவைப் புதுமை என்று சிலர் குறைகூறினாராயினும், ஸுயூத்தீ போன்ற மேதைகள் நல்ல வழக்கமென வாதிட்டனர். தமிழகத்தில் இம்மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களில் சுப்ஹான மவ்லிது என்னும் நபிபுகழ் மாலையை ஓதும் வழக்கம் வேரூன்றியுள்ளது.

பிற நாட்கள்

முஹர்ரம் பத்தாம் நாளாகிய ஆஷூரா, ரமலான் கடமையாகுமுன் நோன்பு நாளாக இருந்து, பின்னர் விருப்ப நோன்பாயிற்று. ஹிஜ்ரி 61-இல் (680) நபிகளின் பேரர் ஹுஸைன் கர்பலாவில் வீரமரணம் எய்தியது அந்நாளிலேயாகையால், ஷியாக்களுக்கு அது துக்க நாள். ஹிஜ்ரி 352-இல் (963) பக்தாதை ஆண்ட முஇஸ்ஸுத் தௌலா கடைகளை அடைப்பித்து, அத்துக்கத்தைப் பகிரங்கமாக அனுஷ்டிக்கச் செய்தார். தமிழ்நாட்டிற் பஞ்சா என்னும் கைவடிவச் சின்னம் எடுத்தலும் தீமிதித்தலும் இதனைச் சார்ந்தவை. தஞ்சைப் பகுதியில் இந்துக்களும் அவற்றில் கலந்துகொள்வதுண்டு. ரஜப் 27-இல் நபிகளின் விண்ணேற்ற இரவாகிய மிஃராஜும், ஷஃபான் 15-இல் பாவமன்னிப்பு இரவாகிய பராஅத்தும், ரமலானின் இறுதிப் பத்தில், பெரும்பாலும் 27-ஆம் இரவில், குர்ஆன் அருளப்பெற்ற இரவாகிய லைலத்துல் கத்ரும் கொள்ளப்படும்.

தற்கால நிலை

பெருநாளன்று நீராடி, புத்தாடை உடுத்து, அத்தர் பூசித் தொழுது, ஒருவரையொருவர் தழுவி வாழ்த்துவதும், கடற்கரையூர்களில் வட்டலப்பம் முதலிய பலகாரங்கள் செய்வதும் வழக்கம். பிறையைக் கண்ணாற் காண்பதா, துருக்கி போலக் கணிதத்தாற் கொள்வதா என்பதில் நாடுகள் வேறுபடுவதால் ஒரே பெருநாள் இருவேறு நாட்களில் வருவதுண்டு. தமிழ்நாட்டில் பெருநாளைத் தலைமை காஜி அறிவிப்பார். நோன்புக் கஞ்சிக்கென அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது.