மழையும் மைதானமும்

விளையாட்டுப் பந்தய நாளில் மழையை விலக்க, 'பவாங்' எனும் மந்திரவாதியை அழைக்கும் வழக்கம் மலாய் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. மந்திரத்தால் மேகம் விலகிற்று என்பதற்குச் சான்று யாதொன்றும் இல்லை.

விஞ்ஞானம் செய்தது யாது? 1946-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கரான வின்சென்ட் ஷேபர், ஆகாய விமானத்திலிருந்து உலர் பனிக்கட்டியைத் தூவி மேகத்தினின்று பனி உதிரச் செய்தார். இத்துறை வளர்ந்து, 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் பீஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவிற்காகச் சீன சர்க்கார் 21 இடங்களிலிருந்து 1,104 ராக்கெட்டுகளைச் செலுத்திற்று. மைதானத்தை அடையுமுன் மேகம் வழியிலேயே பெய்து தீரவேண்டும் என்பதே நோக்கம். விழா நனையவில்லை, ராக்கெட்டின்றியும் நனையாதிருந்திருக்குமோ என்பதை எவரும் அறுதியிட இயலாது.

நம் கெடாவிலோ தேவை நேர்மாறானது. மூடா பாசனத் திட்டத்தை நம்பி ஏறக்குறைய 1 லட்சம் ஹெக்டேர் நெல்வயல் உள்ளது. அணைகள் வற்றும் காலத்தில் விமானத்திலிருந்து உப்புநீர் தெளிப்பது மழையை வரவழைக்கவே, விலக்குவதற்கன்று. அதற்கும் வானில் மேகம் இருந்தாக வேண்டும்.

தோட்டத்துக் கணக்கெழுதும் நாம் மழையின் இருமுகத்தையும் காண்கிறோம். விடியற்கால மழை பால்வெட்டும் தொழிலாளியின் அன்றைய வருவாயைக் கெடுக்கிறது. அதே மழை அயலிலுள்ள உழவனுக்கு உயிராகிறது. இவ்விருவர்க்கும் பொதுவான வானத்தை ஓர் ஆட்டத்திற்காகத் திருப்ப எவருக்கு உரிமை? மழை குறைந்த தை, மாசியில் பந்தயம் வைப்போம். மைதானத்திற்கு நல்ல வடிகால் வெட்டுவோம். மேகத்திற்கு ஆணையிடுவதினும் இவை எளியவை. எவர் வயிற்றிலும் அடியாதவை.