விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வலிப்பு நோய்ச் சிகிச்சை

மூளை நரம்பணுக்களின் மின்செயல்பாடு திடீரெனத் தாறுமாறாவதால் வருவது வலிப்பு. அது திரும்பத் திரும்ப வந்தால் வலிப்பு நோய். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. ஒழுங்காகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராமங்களில் நடப்பது வேறு.

வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஆயிரம் பேரில் 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபின் சுமார் 21 லட்சம் மக்களைக் கொண்ட விழுப்புரம் மாவட்டத்துக்கு அதே விகிதத்தைப் பொருத்தினால் எண்ணாயிரம் பேர் வருகிறார்கள். இது தோராயக் கணக்குதான்.

வேலூர் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம், மூளையில் தங்கிய பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி. ஸ்கேனில் தெரியும் சிறு ஒற்றைக் கட்டியைக் காசநோய் என்று கருதி, மாதக்கணக்கில் அதற்கான மாத்திரை கொடுத்துவந்த காலம் உண்டு. அவற்றில் பல நாடாப்புழுவால் வந்தவை என்று வேலூர் மருத்துவர்கள் 1991இல் காட்டினர். புழுவின் முட்டை மனித மலம் கலந்த நீர், உணவு வழியே பரவுகிறது. பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் வரும். ஆகவே கழிப்பறையும் வலிப்புத் தடுப்பில் சேர்ந்ததே.

மருத்துவமனைகள் இல்லாமலில்லை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. புதுச்சேரி ஜிப்மர் இரு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர். முதல்முறை போய்ச் சேர்வதைவிட, மாதாமாதம் போய்வருவதுதான் கடினம். செஞ்சிப் பக்கத்துக் கூலித்தொழிலாளியோ மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவரோ மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போயிற்று. வழியில் வலிப்பு வரலாம் என்பதால் துணைக்கு ஒருவர் வேண்டும். அவர் கூலியும் போகும். சில மாதம் வலிப்பு வராவிட்டால் 'சரியாப் போச்சு' என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, விடாத வலிப்பாகி உயிருக்கும் ஆபத்தாகலாம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனை வேண்டிக்கொள்வதும் உண்டு; மாத்திரை தொடரும்வரை அதில் கெடுதல் இல்லை. வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை: ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல் இருப்பதே முதலுதவி. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.

கிராமத்திலேயே தொடர் சிகிச்சை சாத்தியமா என்பதற்குக் கர்நாடகத்தின் யளந்தூர் முன்னுதாரணம். நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி குழுவினர் அங்கே பினோபார்பிடோன், பினைட்டாய்ன் என்னும் மலிவான பழைய மருந்துகளைக் கொண்டே நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினர். முடிவுகள் 2001இல் 'லான்செட்' இதழில் வந்தன. தூக்கக் கலக்கம், ஈறு வீக்கம் போன்ற பக்கவிளைவுகள் இம்மருந்துகளுக்கு உண்டு. ஆனாலும் கைக்கு எட்டாத புதிய மருந்தைவிட, தடையின்றிக் கிடைக்கும் பழைய மருந்து மேல்.

பெண்களின் நிலை தனிச் சிக்கல். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இந்து திருமணச் சட்டம் இடம் தந்திருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. சட்டம் மாறியும் நோயை மறைத்தே பல கல்யாணங்கள் நடக்கின்றன. புகுந்த வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் மாத்திரை நின்றுபோகிறது. சோடியம் வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தை உட்கொள்பவர் கருத்தரித்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வர வாய்ப்புள்ளதால், கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். நோயையே சொல்லாத வீட்டில் அந்தப் பேச்சுக்கு வழியில்லை.