நான்கு வரிகளும் மூன்று எழுத்துக்களும்: யாழ்ப்பாணத் தொல்வரலாற்றில் சான்றும் முடிவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொல்வரலாறு பற்றிய விவாதங்களை நோக்குமிடத்து, மிகச் சிறிய இரு பொருட்களின் மீது மிகப் பெரிய முடிவுகள் ஏற்றப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். ஒன்று, 1936இல் வெளிப்பட்ட வல்லிபுரம் பொற்சாசனம். மற்றது, 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவினர் ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியொன்றிற் கண்டெடுத்த முத்திரை.

பொற்சாசனத்தில் உள்ளவை நான்கு வரிகள். இசிகிராய என்னும் அமைச்சன் நாகதீவை நிருவகித்த காலத்தில் விகாரையொன்று அமைக்கப்பட்டதை அவை கூறுகின்றன. அதனை ஆராய்ந்த பரணவிதான அவர்கள், அதிற் குறிக்கப்பட்ட அரசனை அநுராதபுரத்து வசபன் எனவும் சாசனத்தின் மொழியைப் பழஞ்சிங்களம் எனவும் கொண்டார். அநுராதபுர அரசின் செல்வாக்கு வடக்கே எட்டியிருந்தது என்ற அளவில் இதனை ஏற்பதிலே தடையில்லை. ஆனால், குடாநாட்டு மக்கள் அனைவரும் பேசிய மொழி இதுவே என இதிலிருந்து நிறுவ முற்படுவது முற்றிலும் வேறான செயல். முற்காலப் பல்லவரின் செப்பேடுகள் பிராகிருதத்தில் அமைந்தவை. அவற்றைக் கொண்டு தொண்டைமண்டலத்து உழவர் பிராகிருதம் பேசினர் என எவரும் வாதிடுவதில்லை. தானம் வழங்கியோரின் மொழியும் வயலில் உழைத்தோரின் மொழியும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டுமென்ற நியதி யாதுமில்லை.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் மகிழ்ந்து தலையசைப்பர். இதே கண்டிப்பை ஆனைக்கோட்டைக்கு எடுத்துச்செல்லும்போதே சங்கடம் தொடங்குகின்றது. முத்திரையின் மேல்வரியிற் சில குறியீடுகளும் கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துக்களும் உள்ளன. எழுத்துக்கள் ‘கோவேத’ என்றும் ‘கோவேந்த’ என்றும் வாசிக்கப்பட்டுள்ளன. ‘கோ’ என்பது தலைவனைக் குறிக்கும் திராவிடச் சொல் என்பது தகுதியான ஊகமே. எனினும் அது ஓர் ஆட்பெயரின் உறுப்பாகவும் இருத்தல் கூடும். மேலும், முத்திரை கையிலே கொண்டுசெல்லத்தக்க பொருள். மூன்று எழுத்துக்களிலிருந்து முழுமையானதொரு தமிழரசை எழுப்பிய மேடைப்பேச்சுக்கள், எதிர்த்தரப்பு நான்கு வரிகளைக் கையாண்ட முறையினையே பின்பற்றின. பிறர் சான்றுக்கு உரைகல்லும் தம் சான்றுக்கு ஆரத்தியும் என்பதே இரு சாராரின் வழக்கம்.

இவ்வாரவாரத்தில் மறக்கப்பட்டது அந்த முத்திரை கிடந்த புதைகுழியாகும். எழுத்துள்ள பொருட்கள் ஒன்றிரண்டே கிடைக்க, பெருங்கற்காலப் பண்பாட்டின் கருப்பு-சிவப்பு மட்பாண்டங்களோ பல இடங்களிலும் திரளாகக் கிடைத்துள்ளன. அவற்றை வனைந்தோரும் பயன்படுத்தியோரும் தம் பெயரைப் பொன்னிற் பொறிக்கும் வர்க்கத்தினர் அல்லர். தென்னிந்தியாவின் தொல்குடிகளோடு உறவுடைய இப்பண்பாட்டை ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் மாத்திரமன்றி, மேற்குக் கரையோரப் பொம்பரிப்பிலும் தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவவிலும் காண்கின்றோம். அதாவது, இன்று தமிழர் வாழும் பகுதியிலும் சிங்களவர் வாழும் பகுதியிலும் நிலத்தின் கீழ் ஒத்த வகையான ஓடுகளே கிடக்கின்றன. அளவில் மிகுந்த இச்சான்று இரு மேடைகளிலும் மிகக் குறைவாகவே எடுத்துக்காட்டப்படுவது தற்செயலன்று. அதனைத் தனியுரிமை கொண்டாட இரு சாராராலும் இயலாது.